நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம்

ரயில் வராத ஊரில் ரயில் டிக்கெட் விற்கிறேன்.
பொறையார் கடைத்தெரு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால்
ஒரு கம்ப்யூட்டர், தலையை மட்டும் ஆட்டும் ஒரு ஃபேன்.
தண்டவாளம் பார்க்க மாயவரம் போக வேண்டும்.

வேதையன் வந்தபோது பதினொன்று இருக்கும்.
கோட்டுச்சேரிக்காரர், போர் போடுகிறவர்,
நகக்கண்ணில் எந்த வயலின் களிமண்ணோ.
"ஹாம்பர்க்லேர்ந்து கோபன்ஹேகன். பொண்ணுக்கு.
பர்ஸைத் தொலைச்சுட்டா. நாளன்னிக்கு இன்டர்வியூ"
என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
கார்டை மேஜைமேல் வைத்தார்.
அது கடல் தாண்டிச் செல்லுபடியாக
காலையிலேயே பேங்கில் இரண்டு கையெழுத்தாம்.

பெயர் மங்கையர்க்கரசி.
கட்டத்தின் ஓரம்வரை போய் முட்டி நின்றது.
அடுத்த கட்டம் குடும்பப் பெயர் கேட்டது,
எங்களிடம் ஸ்டாக் இல்லாத பொருள்.
"உங்களையே போட்டுடறேன்" என்றேன்.
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பார்டர்ல எறக்கிப் பார்ப்பாங்களா?"
"பார்த்தாலும் பார்ப்பாங்க. பார்க்காமயும் விடுவாங்க."
"அப்ப நாடு மாறினது எப்படித் தெரியும்?"
"போன்ல மெசேஜ் வரும்."
பாலத்துச் செக்போஸ்ட்டில் பாட்டில் தேடி
அவர் பையைப் பிதுக்கிப் பார்க்கும் கைகளை
நினைத்துக்கொண்டாரோ என்னவோ,
"அவ்ளோதானா" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

ஜெர்மனிக்காரன் தளத்தில் ஒரு விலை.
டென்மார்க்காரன் தளத்தில், அவன் காசில், இன்னொன்று.
ரூபாய்க்கு மாற்றினால் எண்ணூறு குறைகிறது.
அதே வண்டி, அதே நேரம், அதே சக்கரம்.
இதை எப்படி விளங்கவைப்பது என்று யோசிப்பதற்குள்
"நம்ம பெட்ரோல் மாதிரி" என்றார்.
டாங்க் நிரப்ப ஆற்றைத் தாண்டாத பைக்
இந்தத் தெருவில் ஏது?

"டென்மார்க் பக்கம் வாங்கினா லாபம்."
"அது நம்ம பக்கந்தானே" என்று
தரங்கம்பாடிக் கோட்டை இருக்கும் திசையில் கை நீட்டினார்.
தப்பில்லை.
இந்தக் கரையில் டேனிஷ்காரன் இருந்தான்,
அந்தக் கரையில் பிரெஞ்சுக்காரன்.
நடுவே நண்டலாறு, கோடையில் முழங்கால் நனையாது.
எந்த மாடு எந்தத் தேசத்துப் புல்லை மேய்ந்ததென்று
கணக்கெழுத யாருக்கு நேரம்?
எருமைக்கு யார் டிக்கெட் கேட்டார்கள்?

"சீட் போடவா?"
"சீட்டுத்தானே வாங்கறோம்."
"இது பயணச்சீட்டு. உட்கார்ற சீட்டுக்குத் தனிக் காசு."
"அநியாயம்."
"காலியா இருந்தா சும்மாவே உட்காரலாம்."
"எவ்ளோ நேரம்?"
"நாலே முக்கால் மணி."
விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர்போல் நின்றார்.
"போட்டுடு. ஜன்னல். கடல் பக்கமாப் பாத்துப் போடு."

படத்தில் கட்டங்கள்தான் இருந்தன, கடல் இல்லை.
இங்கே தெற்கே போனால் இடப்பக்கம் கடல்.
அவள் போவது வடக்கே.
வலப்பக்கத்தை அழுத்தினேன்.

பத்து நிமிடம் என்று மூலையில் ஒரு கடிகாரம்
இறங்கத் தொடங்கியிருந்தது.
ஓடிபி வரவில்லை.
இளநீர் வண்டியோரம் போய் நின்று
போனை வானத்துக்குக் காட்டினார்.
வந்ததும் அங்கிருந்தே கத்தினார் ஆறு எண்களை;
கடைசி ரெண்டை மணல் லாரி விழுங்கிவிட்டது.
"எட்டா, ஏழா?"
"எட்டு! எட்டுக்கு அப்புறம் சைபர்!"
தெருவே கேட்டது அந்த ரகசிய எண்ணை.

பச்சை டிக்.
மகளுக்கு அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்தது.
அவருக்குப் போதவில்லை, தாளில் கேட்டார்.
என் ஐம்பதைக் கொடுத்துவிட்டுப் பிரிண்ட்டுக்கு ஐந்து ரூபாய் தேடினார்.
"அது கெடக்கட்டும்" என்றேன்.

காரைக்கால் பஸ் நிரம்பி வந்தது.
ஏறினார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது
கடையிலிருந்தே தெரிந்தது:
டென்மார்க்கிலிருந்து பிரான்சுக்கு,
ஒரு டீக்காசு.
உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்து நின்றபடிதான் போனார்,
சட்டைப்பையில்
நான்காய் மடித்த ஒரு ஜன்னலோடு.